பத்து நிமிஷம் கழிச்சு வர்ற சத்தம்

கர்ர்ர்... டிக்... டிக்... டிக்டிக்டிக்... கர்ர்ர்ர்! இப்பிடித்தான் தங்கச்சி. சிரிக்காதீங்க. இப்ப வெளிச்சத்துல, நான் வாயால செஞ்சு காட்டுறப்ப சிரிப்பாத்தான் இருக்கும். இருட்டுன பொறகு, மழையும் பனியுமா தேயிலைத் தோட்டமே அடங்குன பொறகு, லயத்து வரிசை வீடுகள்லருந்து தள்ளி நிக்கிற இந்த ஒத்த வீட்டுல, எட்டு மாசப் புள்ளய மடியில வச்சிக்கிட்டுக் கேளுங்க. எவனோ கதவ நகத்தால சொரண்டுற மாதிரியே இருக்கும்.

கொம்பியூட்டர் கடைக்குப் போன் போட்டு உங்க வாப்பா பலீல் நானாகிட்ட சொன்னேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'எலியா இருக்கும் மகள், எதுக்கும் நிப்லாவ அனுப்புறேன்'ன்னாரு. எலியா! கேம் போட்டு சரியா பத்து நிமிஷம் கழிச்சு, மணி பாத்து வர்ற எலி உங்க பதுள பஜார்ல இருக்கலாம், எங்க தோட்டத்துல இல்ல. சரி, சத்தத்த விடுங்க. சத்தம் வேற, கொம்பியூட்டர் வேற. சத்தத்த முருகன் பாத்துக்கட்டும். கொன்வன்ட்ல சிஸ்டர்மார் சொல்லிக்குடுத்த செபமும் சொல்றேன், யாரு ட்யூட்டில இருக்காங்களோ அவங்க வரட்டும். நீங்க கார்ட பாருங்க.

ஸ்கிரீன்ல படம் காட்டுற அந்த கிராபிக்ஸ் கார்ட் இருக்கே... உங்க கடையில வாங்குனதுதான். செக்கன் ஹேண்ட். எங்க வீட்டுக்காரரு கட்டார் போறதுக்கு மூணு மாசம் முந்தி தூக்கிட்டு வந்தாரு. எனக்கு ஒரு சாரி கேட்டா 'தீவாளிக்குப் பாப்போம்'பாரு. இதுக்கு மட்டும் செங்கல் கணக்கா ஒரு சாமான்! மூணு காத்தாடி வேற. ஏங்க, இந்தக் குளிருல மனுசனுக்கே காத்தாடி வேணாம், அதுக்கு எதுக்கு மூணுன்னு கேட்டேன். 'ஒனக்கு வெளங்காது'ன்னாரு. இப்ப யாருக்கு வெளங்குது? கேம் போட்டா பத்து நிமிஷம் நல்லா ஓடும். அப்பறம் ஸ்கிரீன்ல பச்சையும் ஊதாவுமா கோடு கோடா விழும். பொசுக்குன்னு எல்லாம் இருட்டு.

ஆமாங்க, நான்தான் விளையாடுறேன். ஏன் அப்பிடிப் பாக்குறீங்க? புள்ள பெத்தவ துவக்குப் புடிக்கக் கூடாதா? நான் யாரையும் சுடுறதில்ல தங்கச்சி. ஒரு செவத்துக்குப் பின்னால போய்க் குந்திக்குவேன். மத்தவனுங்க சுட்டுக்குவானுங்க, கத்திக்குவானுங்க. எனக்கு வேண்டியதே அந்தக் கத்தல்தான். வெளிய எவனாச்சும் நின்னா, உள்ள நாலு தடியனுங்க இருக்கிற மாதிரி அவனுக்குக் கேக்கணும். மேல் லயத்துல ராவோட ராவா கோழிக் கூட்டத் தூக்கிட்டுப் போய்ட்டானுங்க. கூட்டோட! கூட்டத் தூக்குறவனுக்கு கதவு எம்மாத்திரம்? அன்னைலருந்து எனக்குத் தூக்கமில்ல.

சரி, அந்தச் சத்தமாவது சும்மா விட்டுச்சா? கீழ் லயத்து அங்கம்மாக்கா, காலையில பெரட்டுக்கு எல்லாரும் கூடுற எடத்துல வச்சுச் சொல்லியிருக்கா, 'சுதர்ஷினி வீட்டுல ராத்திரியில ஆம்பளைங்க சத்தம்டி, அதுவும் இங்கிலீஷ் பேசுறானுங்க!'ன்னு. இங்கிலீஷ்னதும் மானம் கொஞ்சம் கூடவே போச்சு. பகல் சாப்பாட்டுக்குள்ள கட்டாருக்கே போய்ச் சேந்துருச்சு. வீடியோ கோல் எடுத்து, 'போனத் திருப்பு, கட்டிலுக்கு அடியில காட்டு'ங்கிறாரு மனுசன். காட்டுனேன். எங்கம்மா வெலிமடைலருந்து அனுப்புன உருளக்கெழங்கு மூட்டை படுத்திருந்துச்சு. 'அது யாரு?'ங்கிறாரு!

ஐயோ, அத எடுக்க மறந்துட்டேன், இப்பிடிக் குடுங்க. பாப்பாவோட காலொறை. ரெண்டு மாசமா சரியா வெயில் இல்லியா, இந்தப் பொட்டி மேல போட்டா ஜம்முன்னு காயுது. ம்... சரி, நாப்கினும் போட்டேன். ரெண்டு. ...நாலு. சூடு வெளிய போக முடியாதா? அதுவும் ஒரு காரணமா? சரி, அது என் தப்புன்னே வச்சிக்குவோம். மத்தது உங்க கார்ட்தான். நான் வேற எதையும் தொடல.

பக்கத்து மூடிய ஏன் கழட்டுறீங்க? வெளியலருந்து பாக்க ஏலாதா? டீ போடவா? இஞ்சி தட்டிப் போட்டு ஒரு பிளேன்டீ... வெளிய திரீவீல் ஓட்டோவுல உங்க அண்ணனுக்கும் ஒண்ணு... அந்த மூடி இறுக்கம் தங்கச்சி, லேசுல வராது... வந்துருச்சா.

அது வந்து... அது கார்டுக்கு முட்டு. போன மாசம் மொதத்தடவ ஸ்கிரீன் போனப்ப ஒரு வீடியோ பாத்தேன். கார்ட் பாரமா இருந்தா தொங்கும், தொங்குனா ஸ்கிரீன் போகும், அடியில ஒரு முட்டு குடுன்னான். பென்சில் வச்சேன், முறிஞ்சிருச்சு. பாப்பாவோட இருமல் மருந்து போத்தல வச்சேன், குட்டை. அப்பறம் இத வச்சேன். கடவுளே அளந்து செஞ்ச மாதிரிப் பொருந்திருச்சு. கெட்டிக்காரின்னு என்னைய நானே தட்டிக் குடுத்துக்கிட்டேன்.

எங்கருந்து எடுத்ததா? ...ஏன் கதவப் பாக்குறீங்க? கதவ விடுங்க தங்கச்சி, கார்டப் பாருங்க...

ஆமா. தாழ்ப்பாள் கம்பி. கதவுலருந்து உருவுனதுதான். அதோட குமிழ் ஏற்கனவே லூசு, கழட்டுனதும் கையோட வந்துருச்சு. அன்னைக்கு ராத்திரி எட்டு மணி இருக்கும், நாலு தடியனுங்க சத்தமும் ஒரேடியா நின்னு போச்சு. தாழ்ப்பாளா, தடியனுங்களான்னு யோசிச்சேன். தடியனுங்க பக்கம் சாஞ்சுட்டேன். தாழ்ப்பாளு பேசாதுல்ல. அன்னைலருந்து கதவுக்கு கேஸ் சிலிண்டரும், அதுக்கு மேல அதே உருளக்கெழங்கு மூட்டையுந்தான் காவல். அதுலயும் கறிக்கு எடுக்க எடுக்கக் காவல் கொறைஞ்சுக்கிட்டே வருது.

என்ன செய்றீங்க? விரலால காத்தாடியச் சுத்தி...

டிக். டிக். டிக்.

...இன்னொருக்கா சுத்துங்க.

டிக்டிக்டிக்... கர்ர்ர்.

ஐயோ. ஐயோ என் சாமி! இதா? இதுதானா? சூடேறுனாத்தான் காத்தாடியே சுத்த ஆரம்பிக்குமா? அதான் பத்து நிமிஷமா? சுத்தி, கம்பியில அடிபட்டு, அடைச்சு நின்னு, சூடு தாங்காம அணைஞ்சு... மொதத்தடவ நாப்கின், அதுக்கப்பறம் இந்தக் கம்பியா! அப்ப ஒரு மாசமா கதவச் சொரண்டுனது யாரு? தாழ்ப்பாளேவா? 'அடியே கூறு கெட்டவளே, என்னையக் கொண்டு போய் என் எடத்துல போடுடி'ன்னு உள்ளருந்து அது கத்தியிருக்கு. நான் பயந்து போய் வொலியூமக் கூட்டியிருக்கேன்!

நல்லாச் சிரிங்க. இப்ப சிரிக்கலாம். வீட்டுக்காரருகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. அங்கம்மாக்கா காதுல விழவே கூடாது. பலீல் நானாகிட்ட... எலின்னே சொல்லிருங்க.

கம்பிக்குப் பதிலா நீங்க வைக்கிற அந்த ரப்பர் முட்டு போதுமா? காத்தாடிக்குப் படாதே? போடுங்க பாப்போம். ஆ, வந்துட்டானுங்க தடியனுங்க, கத்துங்கடா. தங்கச்சி, ஒரு பத்து நிமிஷம் இருந்து பாத்துட்டுப் போங்களேன். உக்காருங்க... எட்டு... ஒம்பது... பத்து. உஸ்ஸ்னு காத்து மட்டுந்தான் வருது. கேக்குதா? சொரண்டல் இல்ல. பன்னெண்டு நிமிஷமாச்சு. இன்னொரு பத்து நிமிஷம் இருந்தீங்கன்னா நல்லா உறுதியாத் தெரிஞ்சிரும்... அண்ணன் ஹோர்ன் அடிக்கிறாரு, கேக்குது. இருட்டிருச்சு, றோட்டுல பனி எறங்கிரும். நான்தான் உங்களப் போகவிடாம பேசிக்கிட்டே நிக்கிறேன். எனக்கே தெரியுது. ஒத்தையில இருக்கப் பயந்துக்கிட்டுத்தான்.

கம்பியக் குடுங்க. இல்ல, நானே போடுறேன். உருவுனவ நான்தானே. குமிழ முறுக்கிட்டேன். நீங்க வெளிய நின்னு கதவ இழுத்துப் புடிங்க தங்கச்சி, மழைக்குப் பலகை ஊதிருக்கு, ஓட்டைக்கு நேரா வரல... புடிச்சிருக்கீங்களா? இன்னும் கொஞ்சம்... தங்கச்சி? நிப்லா தங்கச்சி?

...திரீவீல் சத்தம் வளைவுல கேக்குது. போய்ட்டா. நானா இருந்தா அரை மணி நேரம் முந்தியே ஓடியிருப்பேன்.

சரி. ஒத்தையிலதான் போடணும்னா ஒத்தையிலயே போடுவோம். டேய் தடியனுங்களா, கொஞ்சம் வாய மூடுங்க, பாப்பா முழிச்சிக்கும். தோள வச்சு... முருகா, மாதாவே, ரெண்டு பேருமே வாங்க... இன்னும் ஒரு நூல்...

சடக்.