குடோன் வாசலில் ஒரு ஜோடி செருப்பு

சோற்றில் ஒரு வண்டு கிடந்தாலும் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது சார். வீட்டில் கேலி செய்வார்கள். குடவாசலில் நான் பார்த்துக்கொள்ளும் அரிசி குடோனிலும் அப்படித்தான். எந்த மூட்டையைக் குத்திப் பார்த்தாலும் ஒரு வண்டு, ஒரு புழு வரக் கூடாது.

அதற்கு மருந்து வைக்க வேண்டும். உள்ளே மாத்திரைகளை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் களிமண் பூசிவிடுவோம். வாயு பரவும். வண்டு சாகும், மூச்சு விடுகிற எதுவும் சாகும். திறந்த பிறகு நன்றாகக் காற்றாட விட்டுத்தான் மூட்டையைத் தொட வேண்டும்.

போன மாதம் ஒரு தடவை நான் காற்றாட விடவில்லை. அதிராம்பட்டினம் கடைக்காரர் கல்யாண அரிசிக்காகப் போன் மேல் போன் போட்டார். திறந்த கையோடு லோடு ஏற்றச் சொல்லிவிட்டேன். வழியில் தூறல் போட்டிருக்கிறது. லாரி கிளீனர் சதீஷ் தார்ப்பாய்க்குள் மூட்டைகள் மேல் படுத்துக்கொண்டான். ஊர் போய்ச் சேர்ந்தபோது அவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஒரு மாலை வாங்கிப் போட்டேன்.

அந்த லோடை ஏற்றியவர் எங்கள் லோடுமேன் பகலவன். தங்கமான மனுஷர். ஒருநாள் காலையில் என் முன்னால் வந்து நின்றார்.

"சதீஷ் சம்சாரத்துக்கிட்ட உண்மையச் சொல்லிடலாம் சார். மனசு கேக்கல. நீங்க சொல்லலன்னா நாளைக்கு நானே போய்ச் சொல்லிடுவேன்."

எனக்குப் பயம் வந்தது, மறைக்க மாட்டேன். வேலை போகும், ஜெயிலுக்குப் போக வேண்டிவரும். என் பெண் அம்ருதாவுக்கு நிச்சயம் முடிந்திருந்த நேரம். ஆனால் அவர் மேல் கோபமே வரவில்லை. அவர் சொன்னது நியாயம். சரி, சேர்ந்தே போவோம் என்றேன். அவர் முகம் தெளிந்தது.

அன்றைக்கு மத்தியானம் மருந்து வைக்க வேண்டியிருந்தது. பகலவனிடம் மட்டும் மருந்து நாளைக்குத்தான் என்று சொல்லியிருந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது சரியாக ஞாபகமில்லை.

அரிசியைச் செருப்புக் காலோடு மிதிக்கக் கூடாதென்று எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதனால் கதவைச் சாத்துமுன் வாசலைப் பார்ப்போம். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நான் கொண்டுவந்த வழக்கம்தான் அது.

மாத்திரை வைக்க நான்தான் போனேன். பின்பக்கம் மூட்டைச் சந்தில், குளுமையாக இருக்குமே என்று, பகலவன் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். காலையிலிருந்து மூட்டை தூக்கிய மனுஷர். எழுப்ப மனம் வரவில்லை. சத்தம் வராமல் மாத்திரைகளை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

களிமண்ணைக் குழைத்து வைத்துக்கொண்டு, கதவு பூசுகிற எங்கள் ஆள் மீரா உசேன் காத்திருந்தார்.

"உள்ள யாரும் இல்லையே சார்?"

"வாசல்ல செருப்பு எதுவும் கெடக்குதா, பாத்துக்குங்க."

அவர் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தி இடுக்கெல்லாம் பூசினார். எப்போதும் போல நன்றாகத்தான் பூசியிருந்தார்.

மீரா உசேன் மேல் எந்தத் தப்பும் இல்லை சார், அதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் பார்த்தபோது வாசலில் செருப்பு இல்லை. நான்தான் அதை எடுத்து என் ஸ்கூட்டருக்குப் பின்னால் நிழலில் வைத்திருந்தேன். அன்றைக்கு நல்ல வெயில். பகலவன் வெளியே வந்து போட்டுக்கொள்ளும்போது கால் சுட்டுவிடக் கூடாதே என்றுதான் அப்படிச் செய்தேன்.