இரண்டு கிளைக்கும் நடுவில் ஒரு மாப்பிள்ளை

எங்கள் பொது மேலாளரை நான் ஒருமுறை ஆப்பிளாக்கிவிட்டேன். வேண்டுமென்று செய்ததில்லை. ஆட்களின் விவரம் இருக்கும் கணினியையும் சரக்கின் விவரம் இருக்கும் கணினியையும் முதன்முதலாக இணைத்த அன்று, ஒரு கட்டத்தில் விழ வேண்டிய விவரம் பக்கத்துக் கட்டத்தில் விழும்படி அமைத்துவிட்டேன். மறுநாள் காலை சரக்கிருப்புப் பட்டியலில் மேலாளர் இருந்தார். இரண்டாந்தரம், லேசாக அடிபட்ட பழம், சீக்கிரம் தள்ளிவிடவும் என்ற குறிப்போடு. லாரி ஏற்றுமிடத்திலிருந்து அவர் அறைக்கே போன் போட்டு, "சார், உங்களை எந்த வண்டியில ஏத்தணும்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அவர் கோபப்படவில்லை. என்னைக் கூப்பிட்டு, "எல்லாம் சரிய்யா, இரண்டாந்தரம்னு போட்டது யாரு?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் அலுவலகத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டேதான் பார்த்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டத்தில் நானும் ஒருவனாக நின்றுகொள்வது என் சுபாவம்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். இரண்டு நாளாக நீங்கள் கேட்ட கேள்விகளைப் பார்த்தால் என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்திருப்பது தெரிகிறது. அப்படியில்லை என்று காட்டத்தான் ஆப்பிள் விஷயத்தை முதலில் எழுதினேன்.

எங்கள் கம்பெனி ஆப்பிளைக் காற்றுப் புகாத குளிர் அறைகளில் பூட்டிவைத்து, பழமில்லாத காலத்தில் விற்கிறது. இங்கே ஒரு கிளை, ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரத்தில் இன்னொரு கிளை. வாசலுக்கு ஒரு கணினி, சம்பளத்துக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று, கேன்டீனுக்கு ஒன்று, குளிர் அறைகளுக்கு ஒன்று. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்களிடம் வாங்கியவை. ஒன்று பேசுவது மற்றொன்றுக்குப் புரியாது. மனஸ்தாபத்தில் பேச்சை நிறுத்திக்கொண்ட பங்காளிகள் ஒரே வீட்டில் குடியிருப்பது போல் இருந்தன. இவர் சொன்னதை அவருக்குப் புரிகிறபடி மாற்றிச் சொல்ல, நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் மென்பொருளுக்குத்தான் மிடில்வேர் என்று பெயர். அதை அமைத்துக் காப்பாற்றுவது என் உத்தியோகம். எல்லாச் சேதியும் என் வழியாகப் போவதால் எனக்குப் போஸ்ட்மேன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

குளிர் அறைக்குள் போகிறவர் அறை வாசலில் அட்டையைக் காட்டுவார். அந்தச் சேதி என்னிடம் வரும். ஆள் எந்தக் கிளையைச் சேர்ந்தவர் என்று பார்த்து, அந்தக் கிளையின் அறைக் கணினிக்கு 'உள்ளே ஒருவர்' என்று மிடில்வேர் சொல்லும். வெளியே வந்தால் கழித்துச் சொல்லும். கணக்கு பூஜ்யமானால்தான் கதவை மூட முடியும். மூடியதும் ஆக்சிஜனை விரட்டுகிற வாயு உள்ளே இறங்கும். மூச்சு விடாமல் இருந்தால் ஆப்பிள் மாதக்கணக்கில் புதிதாக இருக்கும். மனிதர்களுக்கு அந்த ஏற்பாடு ஒத்துவராது.

முன்பெல்லாம் மூடுவதற்கு முன், கதவுக்காரர் என்று நாங்கள் கூப்பிடும் பெரியவர் தலையை உள்ளே நீட்டி, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்துவார். எண்ணிச் சொல்லக் கணினி இருக்கும்போது கத்துவது நாகரிகமாக இல்லை என்று நான்தான் ஒரு கூட்டத்தில் சொன்னேன். கைதட்டினார்கள். கத்துவது நின்றது.

இனி என் தங்கை.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபின் அவளை வளர்த்தது நான்தான். தலை பின்னக்கூடக் கற்றுக்கொண்டேன். ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் ஒன்று கீழேயும் இருக்கும், பள்ளிக்கூடத்தில் அவளைத் தராசு என்று கூப்பிட்டார்களாம். வளர்ந்தபின் மாப்பிள்ளையும் நானே பார்த்தேன். எங்கள் கம்பெனியிலேயே பழத்தின் பக்குவம் சோதிக்கிறவர். சாது. என் ஜோக்குக்குக் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார், ஆனால் மறக்காமல் சிரிப்பார். எப்போது வேலைக்கு வருகிறார், எப்போது கிளம்புகிறார் என்பது வாசல் கணினி வழியாக எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கும் என்பதும் ஒரு வசதி. என் வீட்டுக்கு நேர் கீழே அவர்களைக் குடிவைத்தேன்.

கல்யாணப் பரிசாக அவர்கள் வீட்டையும் இணைத்துக் கொடுத்தேன். வாசல் பூட்டு, விளக்குகள், வெந்நீர்க் கருவி, அவள் கைபேசி, எல்லாம் என் வழியாக ஒன்றோடொன்று பேசும். காலையில் வெந்நீர் போடத் தாமதமானால் உடம்புக்கு என்ன என்று போன் செய்வேன். படுக்கையறை விளக்கு அணையாமல் இருந்தால் என்ன சண்டை என்று கேட்பேன். இவ்வளவு அக்கறை எத்தனை அண்ணன்களுக்கு இருக்கும். அவளுக்கு ஒரு தோழி இருந்தாள். அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நாட்களில் வீட்டுப் பூட்டு திறக்காமல் மக்கர் செய்தது. நான் வேலை முடிந்து வரும்வரை தங்கை படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். பிறகு அந்தத் தோழியைப் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டாள். பூட்டும் சரியாகிவிட்டது.

இந்த நிலையில்தான் மாப்பிள்ளை கிளை மாற்றல் கேட்ட சேதி என் வழியாகப் போயிற்று. தேடிப் படிக்கவில்லை. கையில் இருக்கும் தபால் அட்டையில் தபால்காரர் கண் படாமலா இருக்கும்.

அன்று சாப்பிடும்போது கேட்டேன். இரவுச் சாப்பாடு எனக்கு எப்போதும் கீழ் வீட்டில்தான்.

"என்ன மாப்பிள்ளை, ஊரை விட்டே போறதா ஒரு சேதி காத்துல வந்துது?"

அவர் தங்கையைப் பார்த்தார். தங்கை என் தட்டைப் பார்த்தாள். "சாப்பாடு ஆறுதுண்ணா, சாப்பிடு."

"அங்க வேலை கொஞ்சம் லேசு மச்சான்," என்றார் அவர்.

"இங்க உங்களுக்குக் கனமா வேலை கொடுத்தவன் யாரு? பேரைச் சொல்லுங்க, நாளைக்கே பழமாக்கிடறேன்."

அவர் தாமதமாகச் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. தண்ணீர் எடுக்க உள்ளே போனவள், நான் கைகழுவும்வரை திரும்பவில்லை. மறுநாளும் கேட்டேன். சம்பளம் கூட என்றார். அதற்கடுத்த நாள் அங்கே தண்ணீர் நல்ல தண்ணீர் என்றார். தினம் ஒரு காரணம். உண்மைக் காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. சாதுவாக இருந்த ஆள் என் பெண்ணை (தங்கை என்றுதான் எழுத நினைத்தேன், எழுதியதை அடித்துத் திருத்தாமல் விடுகிறேன்) என்னிடமிருந்து பிரித்துக் கூட்டிப்போகப் பார்க்கிறார். அவள் பயந்துபோய்ப் பேசாமல் இருக்கிறாள்.

ஒருவரைக் கிளை மாற்றும்போது மிடில்வேருக்கு இரண்டு வேலை. பழைய கிளையில் அவரை எடுத்துவிட வேண்டும், புதுக் கிளையில் சேர்க்க வேண்டும். இரண்டும் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். மேலாளர் ஒப்புதல் தந்ததும் நான் முதல் பாதியைப் போகவிட்டேன். இரண்டாவதைப் பிடித்து வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. அந்தக் கிளை, ஆள் இன்னும் வரவில்லை என்றது. இந்தக் கிளை, போகிறவரை வேலையைப் பார் என்றது. வாசல் கதவு மட்டும் பழைய ஞாபகத்தில் அவரை உள்ளே விட்டது.

முதலில் கேன்டீன் இயந்திரம் சாப்பாடு தர மறுத்தது. "உங்க மெஷின் என்னைப் பட்டினி போட்டுடுச்சு மச்சான். கதவுக்காரர்தான் பங்கு குடுக்கறாரு," என்றார். நன்றாகச் சிரித்தோம்.

பிறகு ஒரு மதியம் என் அறைக்கு வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. குளிர் அறையிலிருந்து வருகிற ஆள் அப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை.

"மச்சான், அதுக்கு நான் ஆளே இல்ல போலிருக்கு. உள்ள நிக்கறேன், கதவு நகருது. பெட்டியைத் தள்ளிட்டு ஓடியாந்தேன்."

"பயந்துட்டீங்களா?"

"கொஞ்சம். உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க, தூங்க மாட்டா."

"நான் பாத்துக்கறேன் மாப்பிள்ளை."

உண்மையைச் சொன்னால், அவர் சொல்லும்வரை குளிர் அறை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. எந்தக் கிளையிலும் இல்லாத ஆளின் சேதியை எந்த அறைக் கணினிக்கு அனுப்புவது என்று தெரியாமல், மிடில்வேர் அதைக் காத்திருப்பு வரிசையில் நிறுத்திவைத்திருந்தது. அந்த வகையில் யோசனையைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவரேதான். சரி செய்யத்தான் உட்கார்ந்தேன் என்று இந்த இடத்தில் எழுதலாம், வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் நான் உட்காரவில்லை. மறுநாள் அவரைப் பார்த்து, "சரி பண்ணியாச்சு, தைரியமாப் போங்க," என்றேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அதற்குப்பின் ஒரு நாள் கதவுக்காரர் போன் செய்தார்.

"போஸ்ட்மேன், நாலாம் ரூமை மூடப்போறேன்."

"சிஸ்டம் என்ன சொல்லுது?"

"பூஜ்யம்ங்குது. ஆனா உங்க மாப்பிள்ளை இப்பதான் இந்தப் பக்கம் போன மாதிரி இருந்துச்சு. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடட்டா?"

"எட்டிப் பாக்கறதுக்காண்ணே இவ்வளவு பாடுபட்டு மெஷின் வச்சோம்?"

"அதுவும் சரிதான்," என்று சிரித்தார். கதவு மூடும் சத்தம் போனிலேயே கேட்டது. அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. இதை அழுத்தி எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். அந்த மனிதர் அன்றிலிருந்து சாப்பிடுவதில்லை என்கிறார்கள்.

என் முன்னால் திரை இருந்தது. மாப்பிள்ளை நாலாம் அறைக்குள் நுழைந்த சேதி காத்திருப்பு வரிசையில் நின்றுகொண்டிருந்தது. விரலால் ஒருமுறை தட்டினால் அறைக் கணினிக்குப் போயிருக்கும், கணக்கு ஒன்றாகிக் கதவு திறந்திருக்கும். தட்டவில்லை. அறைக்குள் உதவிக்கு அழைக்கும் பொத்தான் ஒன்று உண்டு. விளையாட்டாக யாரும் அமுக்கக் கூடாது என்று அதையும் அட்டையோடு இணைத்திருந்தேன். அட்டைக்கு உரியவர் எந்தக் கிளை என்று தெரிந்தால்தான் அந்தக் கிளையில் மணி அடிக்கும். அவர் பொத்தானை அமுக்கினார். அந்தச் சேதி வந்து முதல் சேதிக்குப் பின்னால் நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அவசரத்தில்கூட ஒன்றை ஒன்று முந்தாமல் ஒழுங்காக நின்றன. சேதி வருவது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு டீ குடிக்கப் போனேன். டீயில் சர்க்கரை அதிகமாக இருந்தது, வேறு போட்டுத் தரச் சொன்னேன்.

நான் யாரையும் தொடவில்லை, ஒரு சேதியை அனுப்பாமல் இருந்தேன், அவ்வளவுதான் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அந்தப் பேச்சை விட்டுவிடலாம். மாப்பிள்ளையைக் கொன்றது நான். தெரிந்து, பார்த்துக்கொண்டே கொன்றேன். என் தங்கையை அவரிடமிருந்து காப்பாற்றக் கொன்றேன். துக்க நாட்களில் அவளுக்கு நானே சமைத்துப் போட்டேன். பழையபடி நாங்கள் இருவர்தான் என்று நினைத்தபோது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. ஒரு காலை கீழே இறங்கிப் போனால், நான் வைத்த பூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, கடையில் வாங்கிய சாதாரணச் சாவிப் பூட்டைத் தொங்கவிட்டிருந்தாள். துக்கத்தில் ஏதோ செய்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

இதுவரை நேற்று எழுதியது. பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று நீங்கள் சொன்னதால் பேனாவை வைத்தேன். பிறகு நடந்ததை நீங்களும் மூலையில் நின்று பார்த்தீர்கள். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும் என்கிறீர்கள்.

தங்கை எதிரில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். மேலாளரை ஆப்பிளாக்கியதைப் பற்றி எழுதியிருப்பதாகச் சொன்னேன். சின்ன வயதிலிருந்து நான் எதைச் சொன்னாலும் முதலில் சிரிக்கிறவள் அவள்தான். இப்போது மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லும்மா," என்றேன். "அவர்தானே உன்னை வற்புறுத்திக் கூட்டிட்டுப் போகப் பாத்தாரு? எத்தனை தடவை கேட்டேன், ஒருத்தரும் வாயைத் திறக்கல."

நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"இல்லண்ணா. அவரு போக வேணாம்னுதான் சொன்னாரு. மச்சான் பாவம், நம்மளை விட்டா அவருக்கு யாரு இருக்கான்னாரு. நான்தான் அவர் கால்ல விழுந்து கெஞ்சினேன், உன்கிட்டருந்து என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போயிடுங்கன்னு."