பவர் கொடுத்தவர் உயிரோடில்லை

"தலையத் தாழ்த்துங்க! தாழ்த்துங்க!"

லாரி ஓட்டும் பாலக்காட்டுக்காரர் கத்துகிறார். டப். டப். டப். யார் சுடுகிறார்கள், தெரியாது. 1990, ஆகஸ்ட் கடைசி. குவைத்தை விட்டு ஓடி வருகிறோம். ஜோர்டான் எல்லை இன்னும் வரவில்லை. மடியில் மகள், மூன்று வயது. அவளை அமுக்கிக்கொண்டு குனிகிறேன். என் வீட்டுக்காரர் குனியவில்லை. வயிற்றுப்போக்கில் படுத்தே கிடக்கிறார்.

குண்டு எங்களை ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர் இல்லாததுதான் அவரைக் கொன்றது. மறுநாள் மத்தியானம், எல்லைக் கூடாரத்தில் போனார். கூடாரத் துணி காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. லாரிக்காரர்தான் குழி தோண்டினார். மண் போட்டதை நான் பார்த்தேன்.

ஜோர்டான் தலைநகர் அம்மானில் விமானத்துக்குப் பெயர் எழுதினார்கள். எத்தனை பேர் என்றார் அதிகாரி. இரண்டு என்றேன். செத்தவர் பேச்சை எடுத்தால் எங்களை நிறுத்தி வைத்துவிடுவார்களோ என்று பயம். அதனால் எந்தத் தாளிலும் அவர் சாகவில்லை.

தொண்டாமுத்தூர் வந்து நடந்ததைச் சொன்னேன். மாமியார் நம்பவில்லை. உயிர் இருக்கும்போதே விட்டுவிட்டு வந்திருப்பேன் என்று நினைத்தார். கொழுந்தனார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முகாமிலிருந்து இன்னும் ஆட்கள் வருகிறார்களாம், அண்ணனும் வருவாராம். கருமாதி செய்யவில்லை. என் தாலியை யாரும் தொடவில்லை. வெள்ளிக்கிழமையானால் கொழுந்தனார் மல்லிகை வாங்கி வந்து நீட்டுவார். வைத்துக்கொண்டேன். சொல்லவே நாக் கூசுகிறது. மண் போட்டது எனக்குத் தெரியும். பூவும் பிடித்திருந்தது.

1992. எங்கள் தென்னந்தோப்பை விற்கக் கொழுந்தனார் விலை பேசிவிட்டார் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார். குவைத் சம்பளத்தில் என் வீட்டுக்காரர் பேரில் வாங்கிய தோப்பு. என் மகளுக்கு வேறு ஒன்றும் இல்லை. விற்க இவர் யார்? கோயமுத்தூர் வக்கீலிடம் ஓடினேன். லீவில் வந்தபோது, தனக்குப் பதிலாக விற்க வாங்கத் தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எங்கள் பக்கம் செய்வதுதான். கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் பவர் செல்லும், அவர் போனால் அதுவும் போச்சு என்றார் வக்கீல். அட, இதற்குத்தானா இத்தனை மல்லிகை.

பத்திர ஆபீஸ். கிரயம் நடக்கிற நாள். வாங்குகிறவர் பேனாவைத் திறக்கிறார். பக்கத்தில் கொழுந்தனார். பெஞ்சில் மாமியார். நான் பொட்டை அழித்துக்கொண்டு உள்ளே போகிறேன். அத்தனை ஆண்கள் முன்னால் என் தாலியை நானே கழற்றி மேசையில் வைக்கிறேன்.

"வாங்கிப்போடாதீங்க! பவர் குடுத்தவரு செத்துப்போயிட்டாருங்க!"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது. வாங்க வந்தவர் பேனாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். கொழுந்தனார் என்னைப் பைத்தியம் என்றார். மாமியார் மட்டும் கிட்டே வந்தார்.

"அம்மணி, நெசமாலுமே போயிட்டானா?"

"போயிட்டாருங்க அத்தை. மண்ணு போட்டதப் பாத்தனுங்க."

அங்கேயே தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பாலக்காட்டுக்காரரைத் தேடிப் பிடித்தேன். குழி தோண்டியதாகச் சாட்சி எழுதிக் கொடுத்தார், புண்ணியவான். வக்கீல் அதை வைத்துத் தூதரகத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தார். என் வீட்டுக்காரர் செத்துவிட்டார் என்று எழுதிக் கொடுங்கள், எழுதிக் கொடுங்கள் என்று நான் ஒவ்வொரு மேசையிலும் கெஞ்சினேன். எந்தப் பெண்டாட்டி இப்படிக் கெஞ்சுவாள்? கடைசியில் சான்றிதழ் வந்தது. வாரிசு நான், மகள், மாமியார். மாமியார் தன் பங்கைப் பேத்திக்கே எழுதிவிட்டார். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

தோப்பு என் மகளுக்கு மிஞ்சியது. போனதைச் சொல்கிறேன். குவைத்தில் ஒரு வீடு நிறையச் சாமான். எல்லையில் ஒரு குழி, போய்ப் பார்க்க அடையாளம் இல்லை. ஒரு கொழுந்தன், அவரை இழப்பில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. ஒரு புருஷன், 1990 ஆகஸ்டில். மாமியாருக்கு ஒரு மகன், 1992இல், பத்திர ஆபீஸில், என் வாயால்.