புளிச்சக்கீரை மேல் பழி விழாது

அடுத்த வீட்டுச் சமாச்சாரத்தில் தலையிடுகிற பழக்கம் எனக்கு இல்லை சார். என் சமையல்கட்டு ஜன்னல் அந்தப் பக்கம் திறக்கிறது, அவ்வளவுதான்.

நகரியில் எங்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தம். பக்கத்து வீட்டுச் செங்கல்வராயனுக்கு எழுபத்தாறு வயது. சம்சாரம் போனதிலிருந்து ஆறு வருஷம் அவருக்கு மத்தியானக் குழம்பு என் வீட்டிலிருந்துதான் போனது. புளிச்சக்கீரைக் கடைசல் என்றால் தட்டை வழித்துவிடுவார். பிறகு மகன் சுரேஷ்பாபு திருப்பதியிலிருந்து கீர்த்தியைக் கட்டிக்கொண்டு வந்தான். போனைப் பார்த்துச் சமைக்கிற பெண்.

"இனிமே நீங்க எதுக்கு அத்தே கஷ்டப்படணும்? மாமாவுக்கு நானே ஆக்கிக்கிறேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள், குறை சொல்லமாட்டேன்.

வெள்ளிக்கிழமைக் கீரையை மட்டும் நான் விடவில்லை. சின்னவர்கள் அந்தப் புளிப்பைத் தொடமாட்டார்கள். ஒருநாள் அதைத் துன்னுக்கினே பெரியவர் சொன்னார்: "சுலோச்சனா, எங்க மருமவப் பாப்பா காளான் வறுத்துச்சு பாரு, ஆட்டுக்கறி தோத்துச்சு போ." நான் சிரித்துவிட்டு வந்து, கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

வரவர ருசி தெரியவில்லை என்று அவரைத் திருப்பதிக்குக் கூட்டிப்போனார்கள். துணைக்கு ஆள் வேண்டாமா, நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். டாக்டர் தெலுங்கில் நிதானமாக விளக்கினார். வயதானால் நாக்கு மங்கிவிடும், பழகிய பண்டத்துக்கு மூளையே பழைய ருசியை எடுத்து நிரப்பிக்கொள்ளும். வயிறு கெட்டால் புதிதாகத் தின்றதைத்தான் அது சந்தேகப்படும், வருஷக்கணக்காய்ப் பழகியதை அல்ல. கீர்த்தி மாத்திரைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காது கொடுத்துக் கேட்டேன்.

பேதி மருந்துதான் சார், விஷமில்லை. அவள் புதிதாக எதையாவது வதக்குகிற வெள்ளிக்கிழமையாகப் பார்த்துக் கீரையில் கலந்தேன். முதல் தடவை அவர் காளானை வெறுத்தார். அடுத்த தடவை பனீரை.

"அந்தப் பொண்ணு கையால எது துன்னாலும் ஒத்துக்கல. உன் கீரை ஒண்ணுதான் வயித்துக்குப் பதமா இருக்குது" என்றார். ஒருத்தி அடுப்படியில் வேகுவது இதைக் கேட்கத்தானே.

தெருவில் நான் வாய் திறக்கவில்லை. எதிர்வீட்டுக் கன்னிகாவிடம் மட்டும், "பாவம், புதுக் கை. நாம எதுக்குப் பேசணும்?" என்றேன். பொழுது சாய்வதற்குள் தெருக்கோடி வரை பேசிவிட்டார்கள்.

மூன்றாம் தடவை அளவு கூடிவிட்டது. கூட்டினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இளைத்துப்போயிருந்த உடம்பு, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் தாங்கியது. ரத்தத்தில் மருந்து தெரிந்ததும் கீர்த்தியைக் கூட்டிவந்து இங்கே ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டீர்கள். புருஷனே அவள் முகத்தைப் பார்க்கவில்லையாம். அவள் உள்ளே போவதில் எனக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், யோசித்துத்தான் சொல்லவேண்டும்.

நான் வந்தது வேறு காரியமாக. உங்கள் காகிதத்தில், அவர் கடைசியாகச் சாப்பிட்டது மருமகள் வைத்த ஓட்ஸ் கஞ்சி என்று இருக்கிறதாமே. அது தப்பு சார். கஞ்சியை ஒரு வாய் வைத்துத் தள்ளிவிட்டார். கடைசியாகச் சாப்பிட்டது என் கீரையை. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதை மட்டும் திருத்திவிடுங்கள்.