பங்காளி வீட்டு சாகா

இல்லீங்கண்ணா, காப்பியெல்லாம் வேண்டாம். கடல் தாண்டி வந்தும் ஒம்பது வருசமா இந்த பிஸ்கட்டவே ஊருல ஒரே மளிகைக் கடைல உங்களப் பாத்தாலே டிராலியத் திருப்பிட்டுப் போன பய நானு. சித்தப்பன் மகன்னு உள்ள விட்டீங்களே, அதுவே பெருசு. எதுக்கு வந்தேன்னுதான கேக்கறீங்க? எம்பொண்ணு வான்மதி காலேஜ்ல சாகான்னு ஒரு கிளாஸ் எடுத்திருக்கா.

சிரிக்காதீங்க. வருசக்கணக்கா இழுக்கற டிவி சீரியல்னுதான் நானும் நெனச்சேன். அது ஐஸ்லாந்துக்காரங்க சமாச்சாரமாம். ஆயிரம் வருசத்துக்கு முந்தி நார்வே ராசாவோட ஒத்துவராம கப்பலேறி அந்தத் தீவுக்குக் குடிபோனவங்க. போன எடத்துலயாவது சும்மா இருந்தாங்களா? மேய்ச்ச காடு, குதிர, பொண்ணெடுத்த வீடுன்னு ஒரே வெட்டுக்குத்து. அதையே பேரன் பேத்தி வரைக்கும் வாயால சொல்லிச் சொல்லி, ரெண்டு மூணு நூறு வருசங் கழிச்சுக் கன்னுக்குட்டித் தோல்ல எழுதி வெச்சாங்களாம். சாகான்னா சொன்னதுன்னு அர்த்தம், அவ்வளவுதான். அவங்களுக்கு கிரீன் கார்டு தேவப்படல, மத்தபடி நம்மாளுங்கதான்.

வர்றேன் வர்றேன், விசயத்துக்கு வர்றேன். நம்ம குடும்பத்துக் கதைய சாகா மாதிரி எழுதணும்னு கேட்டா. நானும் ஜோரா ஆரம்பிச்சேன். எல்லைக் கல்லத் தள்ளி நட்டு உங்கப்பா ஆறடி நெலத்த அமுக்குனது, எங்கப்பா மனசொடஞ்சு போனது, எல்லாம். மனசொடஞ்சத அடிச்சுட்டா. சாகால அதெல்லாம் வராதாம். யாரு என்ன செஞ்சாங்க, என்ன சொன்னாங்க, அத்தோட சரியாம். அப்பறம் பேனாவ வெச்சுட்டு, ஹூ ஸா இட், கல்லு நட்டத யாரு பாத்தது அப்பாங்கறா.

தண்ணி குடிக்கப் போறேன்னு எந்திரிச்சுட்டேங்கண்ணா.

நாலு மணிக்கு அவ இங்க வர்றா. உங்க பக்கத்தையும் எழுதணுமாம். அதான் முந்திக்கிட்டு வந்தேன்.

உங்கப்பா சாவுக்குக்கூட எங்க வீட்லருந்து ஒருத்தரும் வரல. பங்காளி இல்லாமயே எடுத்தீங்க. மறக்கலீங்க.

கல்லத் தள்ளி நட்டது எங்கப்பாதானுங்க. மாரியம்மன் நோம்பிக்கி ஊரே கோயில்ல இருந்தப்ப. கடப்பாற புடிச்சது நானு, காலேஜ் லீவுல வந்திருந்தேன். உங்கப்பா பழைய எடத்துல திருப்பி நட்டாரு. அதத்தான் திருட்டுன்னு ஊரக் கூட்டுனோம்.

எம்புள்ள மொகத்தப் பாத்து என்னால சொல்ல முடியல. நீங்களே சொல்லிருங்கண்ணா. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.