முகம் பார்க்கும் வண்டி

— ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாதான் புள்ளைக்கு நாலு விஷயம் தெரியும். தொழில்முறையில சொல்றேன்.

— போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கறவருக்கு, புள்ளை தள்ற வண்டியில என்னங்க தொழில்முறை?

— கோணம். எல்லாமே கோணம்தான். தள்றவங்களைப் பார்த்து உட்கார வச்சா அவளுக்கு என்ன தெரியும்? என் மூக்கு ஓட்டை. கீழேயிருந்து பார்த்தா எந்த மூஞ்சியும் நல்லா விழாது.

— திங்கட்கிழமை நான் லேபுக்கு வேலைக்குத் திரும்பறேன். அன்னியிலேருந்து தினமும் இவளை ஸ்டுடியோவுக்குத் தள்ளிக்கிட்டுப் போகப்போறது நீங்க. மூக்கு ஓட்டையா இருந்தாலும் தெரிஞ்சவங்க மூக்கு ஓட்டையா இருக்கட்டும்.

— வாங்க சார், வாங்க மேடம். சார், தப்பா எடுத்துக்காதீங்க, கடைக்குள்ள போட்டோ எடுக்கக் கூடாது. முதலாளி கத்துவார்.

— எடுக்கலப்பா. கேமரா சும்மா கழுத்துல கிடக்குது.

— தூங்கறப்பவும் அங்கதான் கிடக்கும், தம்பி. நீங்க வண்டியைக் காட்டுங்க. குழந்தை நம்மளைப் பார்த்து உட்காரணும், விலையைப் பார்த்து நாங்க உட்காரக் கூடாது.

— புரிஞ்சுது மேடம். இதோ, இது நம்ம கடையிலேயே பெரிய வண்டி. சீட்டை அப்படியே கழட்டித் திருப்பி மாட்டலாம். நாலு சக்கரத்துக்கும் ஸ்பிரிங். தள்ளிப் பாருங்க சார். நம்ம கடைப் பாப்பாவை உள்ளே வைக்கறேன்.

— கடைப் பாப்பாவா? இது மணல் மூட்டையாச்சே.

— காட்டறதுக்காக வச்சிருக்கோம் சார். பாப்பா எடைதான். ஆனா தப்பா எடுத்துக்காதீங்க, அழாது.

— இதையே வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?

— ஏங்க.

— சும்மா கேட்டேன். வண்டி என்ன விலைப்பா?

— சீட்டுல தொங்குது பாருங்க சார்.

— யம்மா. இதுக்கு நான் ரெண்டு கல்யாணம் பண்ணணும்.

— பண்ணணுமா, படம் எடுக்கணுமா?

— எடுக்கணும். பதட்டத்துல வாய் தவறிடுச்சு. அதான் சொல்றேன், ரோட்டைப் பார்க்கிற வண்டியே வாங்கிடலாம். பாதி விலைகூட இல்ல. தொழில்முறையில சொல்றேன், காத்து வேற நல்லா வரும்.

— காத்து எந்தப் பக்கம் வரும்னு ஸ்டுடியோவுல சொல்லிக் குடுத்தாங்களா?

— மேடம், சார் சொல்றதும் நியாயந்தான். ஊர்ல நிறைய பேர் அதைத்தான் வாங்கறாங்க.

— தம்பி, உங்ககிட்ட ஒரு வீட்டு ரகசியம் சொல்றேன். நான் லேபுல ரத்தம் எடுக்கறவ. என் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே புள்ளைங்க அலறும். இவரைப் பார்த்தா ஊர்ப் புள்ளைங்க எல்லாம் சிரிக்கும். வாயில்லாத பொம்மையைக்கூட சிரிக்க வச்சுப் படம் எடுத்துடுவார். எங்க வீட்டுல மட்டும் தலைகீழ். என்னைப் பார்த்து இவ சிரிக்கறா. இவர் குனிஞ்சா போதும், தீயணைப்பு வண்டி கிளம்பிடும்.

— அதை எதுக்கு இங்க சொல்ற?

— காத்து வரும்னீங்களே. அது எங்கேயிருந்து வருதுன்னு தம்பிக்கும் தெரியட்டும்.

— சரி, ஒத்துக்கறேன். எனக்குப் பயம்தான். எதிர்ல உட்கார வச்சா வீட்டு வாசல்லேருந்து ஸ்டுடியோ வரைக்கும் அழுதுக்கிட்டே வருவா. மீசை வச்ச ஆள், கதறுற புள்ளை, விறுவிறுன்னு தள்ளிக்கிட்டுப் போறேன். பார்க்கிறவன் என்னன்னு நினைப்பான்?

— புள்ளை புடிக்கிறவர்னு நினைப்பாங்க சார். தப்பா எடுத்துக்காதீங்க.

— எடுத்துக்கல. நானே அப்படித்தான் நினைப்பேன்.

— அதுக்காக இவ பள்ளிக்கூடம் போற வரைக்கும் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டே உட்காரணுமா?

— அவ நிம்மதியா இருக்கட்டுமேன்னுதான். பழகினப்புறம் திருப்பிக்கலாம்.

— முகத்தையே காட்டாம எப்படிங்க பழகும்?

— மேடம், சார், சண்டை வேண்டாம். ஒன்னு இருக்கு. கண்ணாடிக்குள்ள காட்சிக்கு வச்சிருந்த வண்டி. வெயில் பட்டு ஒரு பக்கம் வெளுத்துப்போச்சு. அதனால யாரும் எடுக்கல, முதலாளியும் விலையைக் குறைச்சுட்டார். இதோ. இதுல சீட்டைக் கழட்டவே வேண்டாம். கைப்பிடியைத் தூக்கி அந்தப் பக்கம் சாய்ச்சா போதும். இப்படி வச்சா ரோட்டைப் பார்க்கும். அப்படி வச்சா உங்களைப் பார்க்கும்.

— இது ரெண்டு கோடை வெயில் பார்த்திருக்கும் போலிருக்கே. விலை?

— இதுதான் சார்.

— அட, இதுக்குக் காதுகுத்துகூட வேண்டாம், ஒரு பிறந்தநாள் விழா எடுத்தா போதும். வெளுத்த பக்கத்தை நான் பார்த்துக்கறேன். படத்துல விழாம எடுத்துடுவேன்.

— முதல்ல இவளை உட்கார வைப்போம். வா சுண்டு. பட்டையைப் போடுங்க தம்பி. ம், பிடிச்சிருக்கு, காலை ஆட்டறா பாருங்க.

— கைப்பிடி இவ முதுகுப் பக்கமே இருக்கட்டும். ரோட்டைப் பார்த்து. ஒரு சுத்து வர்றேன். ஏம்ப்பா, இந்தக் கூரையில எதுக்கு ஓட்டை?

— புள்ளை தூங்குதான்னு மேலேயிருந்து எட்டிப் பார்க்கிறதுக்கு சார். கண்ணாடித்தாள் போட்டிருக்கோம்.

— எங்க, பார்ப்போம். சுண்டு. ஏ சுண்டு. அண்ணாந்து பார்க்கறா. இங்க வா, சீக்கிரம் வா.

— என்னாச்சு? அழறாளா?

— சிரிக்கறா. என்னைப் பார்த்து சிரிக்கறா. ஈறு மொத்தமும் தெரியுது. நான்தான் சொன்னேனே, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தா எல்லாம் சரியாயிடும். பில் போடுப்பா.

— இருங்க. நகருங்க, நான் பார்க்கறேன். சுண்டு. என்னைப் பார்த்து ஒன்னும் பண்ணலையே. தம்பி, நீங்க பாருங்க.

— என்னைப் பார்த்துக் கொட்டாவி விடறா மேடம்.

— இப்ப நீங்க பாருங்க.

— இதோ. கெக்கெக்கேன்னு சத்தம் கேக்குதா? அப்பன்னா சும்மாவா?

— எதுக்கு ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பார்க்கறீங்க?

— பழக்கம்.

— அவ அண்ணாந்து பார்த்தா சுத்தி கறுப்புத் துணி. நடுவுல வட்டமா ஒரு கண்ணாடி. பின்னாடி உங்க ஒத்தைக் கண்ணு மட்டும். இதை எங்கேயாவது பார்த்த மாதிரி இருக்கா?

— என்ன சொல்ற?

— இவ பொறந்தப்ப நர்சு துணியில சுத்தி உங்ககிட்டதான் முதல்ல நீட்டினாங்க. நீங்க கையை நீட்டல. இருங்க, ஜன்னல் வெளிச்சம் பிரமாதமா இருக்குன்னீங்க. அன்னிக்குக் கண்ணுல வச்சதை இன்னும் எடுக்கல. குளிக்க வச்சா கேமரா. கவிழ்ந்தா கேமரா. அவளைப் பொறுத்த வரைக்கும் அப்பான்னா கறுப்பா, வட்டக் கண்ணாடியோட, டிக் டிக்னு சத்தம் போடற ஒன்னு. அது வந்தா சிரிக்கறா. அதை இறக்கினதும் மீசையோட ஒரு ஆள் வர்றார். அந்த ஆளை அவளுக்கு யாரும் அறிமுகப்படுத்தலையே.

— சார், உட்கார ஸ்டூல் போடவா?

— வேண்டாம்ப்பா. ஆயிரக்கணக்குல எடுத்திருக்கேன் இவளை. அழற படம் ஒன்னுகூடக் கிடையாது. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

— கைப்பிடியைத் திருப்புங்க.

— வேணும்னா கேமராவை முகத்துல வச்சுக்கிட்டே தள்ளறேனே.

— நல்லாயிருக்கும். எதிர்ல லாரி வந்தா அதையும் சிரிக்கச் சொல்லுங்க. கேமராவைக் கழட்டிக் குடுங்க.

— எதுக்கு?

— ஆயிரம் படத்துல நீங்க எங்க இருக்கீங்க? நீங்களும் அவளும் சேர்ந்து ஒன்னுகூட இல்ல. நான் எடுக்கறேன்.

— உனக்கு எடுக்கத் தெரியாது. இடது கையை அடியில குடு. கழுத்துல மாட்டிக்கோ. வலது பக்கம் வெளிச்சம் வர்ற மாதிரி நில்லு. அசைக்காம புடி.

— பாடம் போதும். குனிங்க.

— தம்பி, கதவைச் சாத்திடுப்பா. வெளியில கேட்டா மானம் போயிடும்.

— சாத்திட்டேன் சார். கைப்பிடியையும் திருப்பிட்டேன்.

— சுண்டு. வணக்கம். நான்… நான் உங்க வீட்டுலதான் இருக்கேன்.

— வாடகைக்கு வந்தவர் மாதிரி பேசாதீங்க.

— வேற எப்படிப் பேசறது? உதடு பிதுங்குது பாரு. கிளம்பிடுச்சு, தீயணைப்பு வண்டி கிளம்பிடுச்சு.

— நகராதீங்க. அப்படியே இருங்க. நான் எடுத்துக்கிட்டுதான் இருக்கேன்.

— மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, அந்த கேமராவுல ஒரு…

— நீங்க போய் பில் போடுங்க தம்பி.

— சரிங்க மேடம்.

— அழலை. பார்க்கறா. வெறிச்சு வெறிச்சுப் பார்க்கறா. பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்த மாதிரியே இருக்கா. சுண்டு, நான்தாண்டி அது. அந்த டிக் டிக் நான்தான். டிக். டிக்.

— ம்.

— கையை நீட்டறா. என்ன பண்ண?

— அவ நீட்டினா நீங்க முகத்தைக் குடுங்க.

— ஆ. மூக்கைப் புடிச்சுட்டா. விட மாட்டேங்கறா. விரல் உள்ளே போகுது.

— அந்தக் கோணம் நல்லா விழாதுன்னீங்களே.

— சிரிக்கறா. ஏ, இங்க பாரு, சிரிக்கறா. இந்த மூஞ்சியைப் பார்த்து. எடுத்தியா? இதை எடுத்தியா?

— எடுத்தேன், எடுத்தேன். அங்கேயே பாருங்க.

— மூக்கு இவ கையில இருக்கு, நான் வேற எங்க பார்க்கிறது? கேமராவைக் கொஞ்சம் கிட்ட காட்டு, விழுந்திருக்கான்னு பார்க்கறேன். என்ன இது? எல்லாம் ஒரே கறுப்பா இருக்கு. ஒரு படம்கூட இல்லையே. அடப்பாவமே, லென்ஸ் மூடியைக் கழட்டாமலேயா எடுத்த? நான் குடுக்கறப்ப திறந்துதானே இருந்தது?

— திறந்துதாங்க இருந்தது. வாங்கின கையோட நான்தான் மூடினேன், இவ கண்ணாடியைப் பார்க்காம உங்களைப் பார்க்கட்டும்னு.