ரெண்டு மூடி சிவப்பு

ஸ்டூலை இப்படி இழுத்துப் போட்டுக்குங்க தம்பி, அந்தக் குழாய் ஒழுகும். என்னது, காத்துல ஈரம் அறுபத்தஞ்சு சதவீதமா? ஆமா, சரியாத்தான் சொல்லியிருக்காங்க. ஈரத்தை உறிஞ்சுற மெஷினைப் பாக்க வந்த ஆளுகிட்ட, ரூமை நல்லா ஈரமாக்கிக் குடுங்கன்னு கேட்டா சிரிப்பு வரத்தான் செய்யும். சிரிங்க.

எல்லாம் ஒரு சிவப்புக்காக. இந்தச் சீசாவைப் பாருங்க. தண்ணியாட்டம் இருக்கா? இருங்க, ஊதா விளக்கைப் போடுறேன். இப்ப? நீலம். வெளிச்சம் பட்டா மாறுற சாயம் தம்பி, பதினோரு வருஷமா நான்தான் கலக்குறேன். விளக்கை அணைச்சதும் ஓடிரும் பாருங்க. எட்டு மாசம் முன்னாடி சின்னவ ஒருத்தி வேலைக்கு வந்தா. அவ விளக்கைப் போட்ட ஒருநாள் மட்டும் சிவப்பா வந்துச்சு, அணைச்சும் ஒரு மணி நேரம் நின்னுச்சு.

எங்க லேப் பெரியவரு குதிக்காத குறை. மறுநாளே அவளுக்கு ஜன்னலோரமா மேஜை. என் மேஜை எங்க கிடக்குன்னு பாத்தீங்கல்ல, குப்பைக்கூடை பக்கத்துல. பொறாமையான்னா கேக்குறீங்க? ஆமா, பொறாமைதான். வயிறு எரியுது. அவ வேற வாய் நிறைய அக்கா அக்கான்னு கூப்பிடுவாளா, அது இன்னும் எரியுது.

ஏன் சிவப்பாச்சா? வெளிச்சம் பட்டதும் அந்த மூலக்கூறு கதவாட்டம் திறந்துக்கும். ஒரு ஆக்சிஜன் மட்டும் துருத்திக்கிட்டு நிக்கும். பக்கத்துல தண்ணியோ ஆல்கஹாலோ இருந்தா, அதுல இருக்குற ஹைட்ரஜன் போய் அதைப் பிடிச்சுக்கும். ஹைட்ரஜன் பிணைப்பும்பாங்க. லேசான பிடிதான், ஆனா நீலத்தைச் சிவப்பாக்க அது போதும். அன்னைக்கு நல்ல மழை, ஜன்னல் வேற திறந்திருந்துச்சு. காத்துல இருந்த ஈரந்தான் பிடிச்சிருக்கும்னு பெரியவரு முடிவு கட்டிட்டாரு. மூணு வாரமா அவளும் செஞ்சு பாக்குறா, நீலம்தான் வருது. நேத்து பாத்ரூம்ல நின்னு அழுதா. நாளைக்கு வெளியாளுங்க வர்றாங்க, சிவப்பைக் காட்டியாகணும்.

இல்ல தம்பி, எண்பதுல வச்சாலும் வராது. காத்து ஈரமெல்லாம் எந்த மூலைக்கு? ரெண்டு மூடி ஆல்கஹால் வேணும். எப்படித் தெரியுமா? நான்தானே ஊத்துனேன். அன்னைக்கு அவ சாப்பிடப் போயிருந்த நேரம், அவ சீசாவுல. அவ வேலை கெட்டு நாசமாப் போகட்டும்னுதான் ஊத்துனேன், இவ்வளவு அழகா வரும்னு யாரு கண்டா?

பதினோரு வருஷத்துல நான் கண்டுபிடிச்சது அது ஒண்ணுதான். என்னோடதுன்னு சொல்லணும்னா எதுக்கு ஊத்துனேன்னும் சொல்லணுமே.

நாளைக்கும் ஊத்திருவேன்னுதான் நினைக்கிறேன். அவளுக்காக இல்ல. என் சிவப்பை நாலு பேரு பாக்கணும்ல. நீங்க அறுபத்தஞ்சுலயே வச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க தம்பி.